குடல் நரம்பும் தங்கூசியும்

எங்கள் வீட்டு நடு அறைச் சுவரில் டெனிஸ் மட்டைகள் தொங்குகின்றன. இப்போது இருபத்தாறு இருக்கின்றன. எல்லாம் மரத்தால் செய்தவை, பெரும்பாலானவை என்னைவிட வயதில் மூத்தவை. நான் ஒருநாளும் டெனிஸ் விளையாடியதில்லை. யாரும் விளையாடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததும் இல்லை. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பதைக் கண்டு என் மனைவி முந்திக்கொள்வாள்.

"அதெல்லாம் நுளம்பு அடிக்கிற பெட். கரண்ட் வாறதுக்கு முந்தின காலத்துது."

அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணீர் எடுத்துவர உள்ளே போய்விடுவேன்.

எனக்குப் பாலாவியில் வேலை. உப்புப் பொதி செய்யும் இடத்தில் சாக்கின் வாயைத் தைக்கும் இயந்திரம் என் பொறுப்பு. அது போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடுகூடப் பேச முடியாது. மற்றவர்களுக்கு அது பெரிய குறை. எனக்கு அந்த வேலையில் பிடித்ததே அதுதான். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. சண்டைக்காலத்தில் மன்னாரிலிருந்து வெளிக்கிட்டு வந்த வருடம் அது. அதற்குப் பிறகு நான் கொப்பியும் பேனையும் எடுத்து ஒன்றைப் படித்தேன் என்றால், இந்த மட்டைகளைப் பற்றித்தான்.

முதலாவது மட்டை பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. உண்மையில் நான் எடுத்தது மட்டையை அல்ல. நான்கு மூலையிலும் வண்ணத்துப்பூச்சி போன்ற திருகாணி வைத்த ஒரு மரச்சட்டத்தை எடுத்தேன். ஏதோ எலிப்பொறி என்று நினைத்தேன். திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே ஒரு மட்டை கிடந்தது. மரம் வளைந்து போகாமல் இருக்க அப்படி நெருக்கி வைப்பார்கள் என்று பிறகு மகளின் போனில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எவ்வளவு அக்கறையாக ஒருவர் அதைத் திருகி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை.

அடையாளம் பார்ப்பது கஷ்டமான வேலை அல்ல, பொறுமை வேண்டும். தலைச் சட்டத்தின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் எத்தனை பட்டை மரத்தை ஒன்றோடொன்று ஒட்டி வளைத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஒற்றை மரம் என்றால் மிகப் பழையது. பட்டைகள் கூடக் கூடப் பிந்திய காலம். கழுத்தில் L அல்லது M என்று ஓர் எழுத்து இருக்கும். L என்றால் பாரம் குறைந்தது. கைப்பிடித் தோலுக்குக் கீழே ஒரு சின்ன இலக்கம் கைப்பிடியின் சுற்றளவைச் சொல்லும். கிளப்புகளுக்கு என்று வாங்கியவற்றில் சூட்டுக்கம்பியால் இலக்கம் போட்டிருப்பார்கள். கடைசியாக நரம்பு. விலை கூடிய மட்டைக்குச் செம்மறியாட்டுக் குடலை முறுக்கிக் காயவைத்த நரம்பு, மற்றவற்றுக்கு நைலோன்.

குடல் என்று நான் சொன்ன அன்றைக்கு மனைவி சட்டியை அடுப்பில் விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"என்ன குடல்? பண்டிக் குடல் இல்லையே?"

"ஆடு."

"வடிவாத் தெரியுமா?"

"ஆடுதான். சில நேரம் மாடு."

"அப்ப சரி. கறி வைக்கிற பாபத்துக் குடலைச் சுவரில கொழுவி வச்சிருக்கிற முதல் மனுசன் நீங்கதான்."

ஆனால் எங்கள் பக்கத்தில் கிடைக்கும் மட்டைகளில் குடல் நரம்பை நான் கண்டதே இல்லை. உப்புக் காற்றுக்கு அது தாக்குப்பிடிக்காது. அறுந்ததும் யாராவது தங்கூசி என்கிற மீன்பிடி நைலோன் நூலைப் போட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை எந்த வீட்டிலும் தங்கூசி இருக்கும். உடுப்புக் கொடி கட்டவும் அதுதான், பூமாலை கோர்க்கவும் அதுதான், அறுந்த செருப்பைத் தைக்கவும் அதுதான். அதனால் நரம்பைப் பார்க்காமலே கொப்பியில் 'தங்கூசி' என்று எழுதும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் அக்கா எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். நுரைச்சோலைக்கு அப்பால் கடற்கரையோரம் அவருடைய ஊர். மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து அப்படியே பஸ் ஏறியிருந்தார். பொதி செய்யும் இடத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் அவருக்கு அயலவர். அவர்தான் என்னைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தம்பிதானே பெட் பாக்கிற ஆள்?"

"ஓம் அக்கா, இவர்தான் டொக்டர்" என்றாள் மனைவி. "வாங்க, இருங்க. நாடி பிடிச்சுச் சொல்லுவார்."

அக்கா கதிரையில் உட்கார்ந்து மடியில் வைத்திருந்த சாக்கிலிருந்து ஒரு மட்டையை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை, நரம்புகளையும் சேர்த்து, தடித்த வார்னிஷ் பூசிய மட்டை. பிறகு கதையைச் சொன்னார்.

அவருடைய அப்பா சிலாபம் பக்கத்துத் தென்னந்தோட்டத்துக் கிளப் ஒன்றில் டெனிஸ் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர். உருளை இழுப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, மட்டைகளுக்கு நரம்பு கட்டுவது எல்லாம் அவர்தான். ஒருநாள் கிளப்பின் மட்டை ஒன்று காணாமல் போனது. களவு என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதே கிழமைதான் இந்த மட்டையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி, பங்களா நோனா, தன் நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது கொடுத்தது என்று சொன்னாராம். நோனா கப்பலேறிவிட்டார். கேட்பதற்கு யாரும் இல்லை. அந்தக் கிளப்பும் இப்போது இல்லை.

"அண்ணனுக்கு அப்ப பன்னெண்டு வயசு. சாக்கோட அப்பா வந்ததைக் கண்டவர். அண்டைக்கு அவர் மனசில விழுந்தது இன்னும் போகல்ல. அப்பா மோட்சம் போயும் பத்து வருசமாகுது தம்பி. வாற மாசம் நினைவுப் பூசை. அப்பாட படத்துக்குப் பக்கத்தில இதைக் கொழுவுவம் எண்டு கேட்டன். களவுச் சாமானைச் சேசுட படம் இருக்கிற சுவரில கொழுவ ஏலாது எண்டுட்டார்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை தங்கச்சி. அண்ணனுக்குத்தான் யாரும் சொல்லோணும். நான் சொன்னா பொம்புளக் கதை. தம்பி படிச்ச ஆள்."

"நான் படிக்கல்லை அக்கா" என்றேன். அது மட்டும்தான் அன்றைக்கு நான் தெளிவாகச் சொன்ன வார்த்தை.

ஒரு கிழமை தாருங்கள் என்று கேட்டு மட்டையை வாங்கி வைத்தேன். மாலைகளில் அதை மேசையில் வைத்துப் பார்த்தேன். ஐந்து பட்டை மரம். கழுத்தில் L. கைப்பிடி மெல்லியது, என் விரல்கள் சுற்றிவந்து உள்ளங்கையைத் தொட்டன. சூட்டு இலக்கம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கிளப் தன் மட்டைகளுக்கு இலக்கம் போட்டதா, போடவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன். நரம்பு என்ற இடத்தில் பழக்கப்படி 'தங்கூசி' என்று எழுதினேன். வார்னிஷ் பூசி வழவழவென்று இருந்தபடியால் எனக்கு அதில் ஐயமே வரவில்லை. ஒரு முடிவும் கிடைக்கவில்லை. அந்த அக்காவுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்றும் தெரியவில்லை.

வேறு ஒன்றும் செய்ய முடியாவிட்டால் மட்டையையாவது நல்லபடியாகத் திருப்பிக் கொடுப்போம் என்று நினைத்தேன். வார்னிஷ் உதிர்ந்த இடங்களில் மரம் வெளுத்துக் காய்ந்திருந்தது. வாப்பா மன்னாரில் வள்ளம் வைத்திருந்தவர். காய்ந்த மரத்துக்குச் சுறா எண்ணெய்தான் மருந்து என்பது எங்கள் வீட்டில் கேள்வி கேட்காத விடயம். கதவு நிலைக்கும் யன்னல் சட்டத்துக்கும் பூச இன்றைக்கும் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமை வேலைக்குப் போகுமுன் துணியில் எண்ணெயை நனைத்து மட்டை முழுவதும் தேய்த்தேன். குடல் நரம்பு என்று தெரிந்திருந்தால் எண்ணெய்த் துணியைக் கிட்டவும் கொண்டுபோயிருக்க மாட்டேன். தங்கூசிதானே, எண்ணெய் பட்டால் என்ன என்று நரம்புகளின் மேலும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, ஊறட்டும் என்று பின்பக்கம் குளிக்கிற இடத்து மதிலில் வைத்துவிட்டுப் போனேன்.

அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் வீடு திரும்பினேன். மனைவி வாசலிலேயே நின்றாள். அவள் பகிடி விடவில்லை. அதிலேயே ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது.

"மச்சான், நான் உடுப்புக் கழுவிக்கொண்டு இருந்தன். சத்தியமாக் காணல்ல."

எங்கள் பின்பக்கத்துக்கு வந்துபோகும் இரண்டு பூனைகளும் மட்டையைக் கீழே இழுத்து விழுத்தியிருந்தன. நடுவில் ஒரு பெரிய ஓட்டை. நரம்புகள் கடித்து மென்று நார் நாராகக் கிடந்தன. ஒரு பூனை மதிலின் மேல் உட்கார்ந்து இன்னும் ஒரு துண்டை அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் சத்தம் போட்டதும் அதை வாயில் வைத்துக்கொண்டே குதித்து ஓடியது.

அந்த மாலையும் அடுத்த நாளுமாக அக்கா இரண்டு தரம் போன் எடுத்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"இதை மட்டும் நான் கதைக்க மாட்டன். நீங்க பூசின எண்ணெய், நீங்களே சொல்லுங்க."

போன் அடித்து ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வந்து மேசையில் மட்டையை வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி சோறு போட வந்தவள் நின்றாள்.

"எனக்கு ஒண்டுதான் விளங்கல்ல" என்றாள். "கரையில தங்கூசி வலை மலை மாதிரிக் கிடக்கு. மீன் எண்ணெய் ஊறி, மீன் செதிலும் ஒட்டிக் கிடக்கு. எந்தப் பூனையாவது வலையைத் தின்னுமா?"

நான் எழும்பிப் போய் நெருப்புப்பெட்டியை எடுத்துவந்தேன். கடிபட்ட ஒரு நரம்புத் துண்டை வெட்டி நுனியில் தீ வைத்தேன். நைலோன் என்றால் உருகிச் சொட்டும், ஆறியதும் சின்ன முத்துப்போல இறுகும். இது உருகவில்லை. சுருண்டு கருகிச் சாம்பலாகியது. அறை முழுக்க மயிர் பொசுங்கும் மணம். எத்தனையோ மட்டைகளின் படங்களைப் பார்த்து, இது எப்போதாவது என் கையில் வருமா என்று ஏங்கிய குடல் நரம்பு, ஒரு கிழமையாக என் மேசையில் கிடந்திருக்கிறது. அதற்கு நான் மீன் எண்ணெய் பூசிப் பூனைக்குப் பந்தி வைத்திருக்கிறேன்.

வெட்கத்தோடு வேறு ஒன்றும் தோன்றியது. எல்லாரும் எடுத்து விளையாடும் மட்டைக்கு எந்தக் கிளப் குடல் நரம்பு போடும்? L என்ற எழுத்தையும் மெல்லிய கைப்பிடியையும் சேர்த்துப் பார்த்தால் இது யாரோ ஒருவர் தனக்கென்று வாங்கிய மட்டை. ஆனால் அது என் ஊகம் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. நுரைச்சோலையை நெருங்கும்போது அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. பஸ் இன்னும் மெதுவாகப் போனால் நல்லது என்று நினைத்தேன். வருகிறோம் என்று மட்டும் முதல்நாள் அக்காவுக்குப் போனில் சொல்லியிருந்தேன். அவர் சொன்ன அடையாளப்படி இறங்கி நடந்தோம். அது அக்காவின் அப்பா கடைசிவரை வாழ்ந்த வீடு, இப்போது அவருடைய அண்ணன் இருக்கும் வீடு. அக்கா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அண்ணன் எழுபதை நெருங்கியவர், தோள்கள் இன்னும் அகலமாக இருந்தன. முற்றத்து மர நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, பெட்டுக்கு வழக்குப் பேச அப்புக்காத்தைக் கூட்டிக்கொண்டு வந்திட்டியா?" என்றார் தங்கையிடம்.

"முதல்ல அவையை இருக்கச் சொல்லு" என்றார் அக்கா.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வராது என்று தெரியும். மட்டையைச் சாக்கிலிருந்து எடுத்து அக்காவின் கையில் கொடுத்தேன். ஓட்டையைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது.

"பிழை என்னுடையது அக்கா" என்றேன். "மரம் காய்ஞ்சிருந்தது. சுறா எண்ணெய் பூசினேன். பூனை தின்றிட்டுது."

அக்கா ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அண்ணன்தான் சிரித்தார், நல்ல சிரிப்பு அல்ல.

"தங்கூசியைப் பூனை தின்றதாம்! தம்பி, நான் அம்பது வருசம் கடலுக்குப் போறவன். எனக்கே இந்தக் கதையா? உடைச்சுப்போட்டன் எண்டு சொல்லுங்க, முடிஞ்சுது."

"தங்கூசி இல்லை அண்ணன்."

"அப்ப என்ன?"

"ஆட்டுக் குடல். தங்கூசியைப் பூனை தின்னாது. நானும் அதுக்குப் பிறகுதான் பார்த்தேன்."

அவர் என்னை முழுவதுமாக ஒருமுறை பார்த்தார். பிறகு எழும்பி வந்து, தங்கையின் கையிலிருந்த மட்டையில் ஒரு நரம்பு நுனியைத் தன் கத்தியால் அறுத்தார். வலையிலிருந்து தங்கூசித் துண்டு ஒன்றையும் அறுத்தார். லைட்டரைத் தட்டி முதலில் தங்கூசியைக் கொளுத்தினார். அது உருகி மணலில் சொட்டியது. அடுத்ததாக மற்றதைக் கொளுத்தி, அது சுருளச் சுருள மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"கோழி மயிர் பொசுங்கிற மணம்" என்றார்.

அதன்பிறகு அவர் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசியபோது என்னிடம் பேசவில்லை, தங்கையிடம் பேசினார்.

"கிளப் பெட் எல்லாத்துக்கும் அப்பா தங்கூசிதான் கட்டினவர். மொத்தத் தங்கூசி. சிலாபச் சந்தையில நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் குடுக்கிறது. அப்ப நாங்க சிலாபத்தில இருந்தம், பள்ளிக்கூடம் விட்டுப் போவன். கடல் காத்துக்கு மற்றது நிக்காது எண்டு அப்பா சொல்லுவார். மற்றது என்ன எண்டு நான் கேட்கல்ல."

"ஒரு பெட்டுக்காவது வேற கட்டினவரா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை. ஒண்டுக்கும் இல்லை. எனக்குத் தெரியும்."

நான் அந்த L எழுத்தைக் காட்டினேன். கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள் என்றேன். அவருடைய பெரிய கைக்குள் அது காணாமலே போனது. பெரும்பாலும் பெண்கள் வாங்குவது இப்படியான மட்டை என்றேன். பிறகு, பொய்யாக ஒன்றும் சேர்ந்துவிடக் கூடாது என்று பயந்து, இதையும் சொன்னேன்.

"யார் குடுத்தது எண்டு எனக்குச் சொல்ல ஏலாது அண்ணன். இது கிளப்புட பெட் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அது காணும். வேற ஒண்டும் வேண்டாம்" என்றார் அவர்.

அக்கா மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் அவரிடம், "இவ்வளவு காலமும் நீ வாயைப் பொத்திக்கொண்டுதானே இருந்தாய்?" என்றார்.

"நானா பொத்தினன்? நீதான் காதைப் பொத்தினாய்."

"சரி, சரி. பிளேன்டி ஊத்து போ."

"என் வீடா இது? உன் பெண்சாதி எங்க?"

இருவரும் இப்படிச் சண்டை பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் போனார்கள். எங்களையும் வரச்சொன்னார்கள். அக்காவிடம், அறுந்த நரம்பை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்றேன். அவர் ஓட்டையை இன்னொருமுறை பார்த்துவிட்டு, "வேண்டாம் தம்பி. ஆரும் வந்து கேட்டா, இதைத்தானே காட்டோணும்" என்றார். அவருக்குக் கோபம் இருந்திருந்தாலும் அது அப்போது போயிருந்தது. மனைவி பூனைகள் எப்படி ஓடின என்று நடித்துக் காட்டினாள். அண்ணனின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அண்ணன் வாயில் இரண்டு ஆணிகளைக் கவ்விக்கொண்டு சுத்தியலோடு வந்தார். நினைவுப் பூசைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அவர் காத்திருக்கவில்லை. அப்பாவின் படம் கடல் பக்கத்து யன்னலுக்கு அருகே தொங்கியது. அதன் பக்கத்தில் ஆணியை அடித்து மட்டையைக் கொழுவினார். இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நான் பிளேன்டித் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த யன்னலால் கடலிலிருந்து வீசும் கச்சான் காற்று நேராக உள்ளே வரும். ஒரு வருடத்தில் மரம் முறுக்கிக்கொண்டுவிடும். பிறர் வீட்டில், இப்படியான நேரத்தில், ஆணி அடித்த பிறகு இதைச் சொல்வதா என்று நினைத்தேன். கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அண்ணன், அந்த இடம் சரிவராது" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "காத்துப் படாத உள்சுவரில கொழுவுங்க. மரம் வளையும்."

அவர் யன்னலைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார். ஆணியைப் பிடுங்கினார். பிறகு அப்பாவின் படத்தையும் கழற்றினார். அதன் ஆணியையும் பிடுங்கினார். மூன்று ஆணிகளையும் வாயில் வைத்துக்கொண்டு உள்சுவருக்கு முன்னால் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்க" என்றார் பல்லிடுக்கால். "பிறகு பிடுங்க மாட்டன்."

இருந்தது. மட்டையின் தலையில் பாரம் தொங்கக் கூடாது, தோள் இரண்டையும் தாங்கும்படி இரண்டு ஆணி வேண்டும், சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட வேண்டும், மாரிகாலத்தில் கழற்றித் துடைக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.